உள்ளிருந்து திறக்கும் கதவு

கிளிநொச்சியிலிருந்து முள்ளியவளைக் கோயிலுக்குப் போகக் குடும்பத்தோடு வாடகை வானில் ஏறினோம். சாரதி மெலிந்த மனிதர், நரைத்த தாடி, சட்டைப்பையில் ஒரு திருப்புளி. ஏறியதும் ஒவ்வொருவரையும் உள்ளிருந்து கதவைத் திறந்து மூடச் சொன்னார். என் ஐந்து வயது மகளையும் விடவில்லை.

“அண்ணை, கோயிலுக்குத்தான் போறம், சோதினைக்கில்லை,” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உடையார்கட்டில் டயர் வெடித்தது. வான் முழுதாக நிற்குமுன்பே நான் வயலுக்குள் நின்றேன், ஒற்றைச் செருப்போடு. மனைவியும் பிள்ளைகளும் இன்னும் வானுக்குள்.

“பாருங்கோ பிள்ளையள், அப்பா எங்களை எவ்வளவு வடிவாக் காப்பாத்துறார்!” என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். சாரதி மட்டும் என்னிடம் வந்தார். “கதவு சுகமாத் திறந்ததோ?”

“ஓம் அண்ணை.”

“இது முந்திச் சாமான் வான், தம்பி. சாமான் தானா இறங்காதுதானே, உள்ளுக்கை கைபிடி இல்லை. சண்டை நேரம் இடம்பெயரேக்கை என்ரை குடும்பத்தை இதிலைதான் ஏத்தினனான். கதவைச் சாத்திப்போட்டு நான் தண்ணி எடுக்கப் போன நேரம் பக்கத்திலை செல் விழுந்து வெடிச்சது. சீற்றும் கைபிடியும் பிறகுதான் போட்டனான்.”

சொல்லிவிட்டு டயர் கழற்றக் குனிந்தார். எதையும் பகிடியாகக் கேட்டுவிடுகிற எனக்கு, அன்று யாராவது வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறந்தார்களா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.