நாடகத்து மகளுக்காக அழுதவர்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் ஜட்ஜ் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியல் போடும் குமாஸ்தாவைத் தவிர வேறு யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். லிஃப்டுக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை. படங்களையும் டிவி நாடகங்களையும் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்லும் தீர்ப்புகளுக்காக வந்த பெயர் அது.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் ஒரு டீக்கடை இருந்தது. காலையில் லிஃப்டுகளையெல்லாம் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கையில் இருக்கும் கிரீஸைப் பழைய துணியில் துடைத்தபடி அவர் அங்கே வரும்போது நர்ஸுகள், வார்டு பாய்கள், எக்ஸ்ரே எடுப்பவர் என்று நாலைந்து பேர் காத்திருப்பார்கள். வாரக் கடைசியில் வந்த புதுப்படம் எப்படி என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சிலர் டிக்கெட்டே எடுத்தார்கள்.

படிப்பெல்லாம் பெரிதாகக் கிடையாது. எந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்க்கிற ஆள்தான். ஆனால் பார்த்ததைச் சொல்ல வாய் இருந்தது. சண்டைப் படம் ஒன்றைப் பற்றி, அடிவாங்க வந்த அடியாட்கள் நம் ஓ.பி. நோயாளிகள் மாதிரி டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்றார். நாயகனும் நாயகியும் லிஃப்டின் கூரைமேல் ஏறிக் கொஞ்சிக்கொள்ளும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் வெள்ளைப் புடவையில் ஒரு பொட்டு கிரீஸ் ஒட்டவில்லையே, அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்கைக் கொஞ்சம் இங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். இப்போது வருகிற துப்பறியும் தொடர்களில் போலீஸ்காரன் குளிக்க மாட்டான், அவன் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருப்பாள், அதுதான் அந்த உத்தியோகத்துக்குத் தகுதி போலிருக்கிறது என்பார்.

சிரிக்க வைப்பதற்காக மட்டும் அவரை ஜட்ஜ் என்று சொல்லவில்லை. அவர் தீர்ப்பில் எப்போதும் ஒரு நியாயம் இருந்தது. ஊரே திட்டிக்கொண்டிருந்த ஒரு நாடகத்து வில்லியைப் பற்றி ஒருநாள் சொன்னார்.

"அவ பண்றது தப்புதான். ஆனா அந்த வீட்ல ஒருத்தராவது அவள உக்கார வெச்சு, ஏம்மா இப்படிப் பண்றேன்னு கேட்டாங்களா? கேக்காம விட்டா மனுஷங்க இப்படித்தான் கெட்டுப் போவாங்க."

கேட்டுக்கொண்டிருந்த தலைமை நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று அந்த அம்மாள் சொன்னதை, அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மனைவி திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்ப்பவள். கடையில் முடியாத துணியை வீட்டுக்கு எடுத்துவந்து மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டாள். மெஷினை நிறுத்தவில்லை.

அந்த வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் டிவியும் இரண்டு நாற்காலிகளும். உள்ளறை மகளுடையதாக இருந்தது. இப்போது அங்கே திரைத்துணிச் சுருள்கள் சுவரோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. மகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். அங்கே மருந்துப் பெட்டிகள் இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போனது. அவன் ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆனவன். அதை அவளே வந்து அப்பாவிடம் சொன்னாள். மறைத்திருந்தாலாவது கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"போறதுன்னா போ. ஆனா திரும்பி வர வழி கேக்காத."

அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுடைய பேச்சே எடுக்கக்கூடாது என்றாகிவிட்டது. எடுத்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மாவும் மகளும் திரைச்சீலைக் கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொண்டார்கள். பெற்ற மகளைப் பார்க்கிறதற்கு, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நிற்க வேண்டியிருந்தது. டிரைவர் நல்லவன் என்றும், சமைக்கத் தெரியும் என்றும், குடிக்க மாட்டான் என்றும் அம்மா அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டாள்.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. அப்புறம்தான் அந்த நாடகம் வந்தது.

அதில் ஒரு பேங்க் மேனேஜர். அவருடைய மகள் ஒரு மேடைப் பாடகனைக் கட்டிக்கொள்கிறாள் என்பதற்காக வீட்டை விட்டுத் துரத்துகிறார். மகள் படாத பாடுபடுகிறாள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அவள் அழுகைதான். நம் ஜட்ஜுக்கு அந்த மேனேஜரைக் கண்டாலே ஆகவில்லை.

"இவனெல்லாம் ஒரு அப்பனா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார். "பெத்தவனுக்கு அப்படி என்ன வீம்பு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே கொதித்துப் போயிருந்தார். ஒருநாள் நாடகத்து மகள் தன் அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல போன் செய்துவிட்டு, அவர் குரல் கேட்டதும் பேச முடியாமல் வைத்துவிடுகிறாள். அதைப் பார்த்து அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீக்கடையிலும் அந்த மகளுக்காக வாதாடினாராம். அவளுக்கு எதிராகப் பேசிய எக்ஸ்ரேகாரரோடு மனஸ்தாபமே வந்துவிட்டதாம்.

மனைவி பஸ் நிறுத்தத்தில் மகளிடம் இதைச் சொன்னாள். "அப்பாவா? அழுதாரா?" என்று மகள் நம்பாமல் கேட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மனசு இளகுகிற காலம் வந்துவிட்டது, நீ பேசாமல் இரு என்றாள்.

அடுத்த நாள் நாடகம் முடிந்து விளம்பரம் ஓடும்போது துணிந்து கேட்டுவிட்டாள். "அந்த அப்பாவ இந்தத் திட்டுத் திட்டறீங்களே, நம்ம பொண்ணும் அதே மாதிரிதானேங்க?"

எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் போகவில்லை. கேஸை விசாரித்து முடித்தவர் போல நிதானமாகச் சொன்னார்.

"அது வேற. அந்தப் பொண்ணு தனியா உக்காந்து அழுவுறத நான் பார்க்கறேன். அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுது. இவ என்ன நெனச்சா, எங்க அழுதான்னு எனக்கு யார் காட்டினாங்க?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே."

விளம்பரம் முடிந்து அடுத்த நாடகம் ஆரம்பித்துவிட்டது.

அதற்குச் சில மாதங்களில் டிரைவருக்குத் தூரத்துத் துறைமுக ஊரில் வேலை கிடைத்தது. இரண்டு பேரும் அங்கேயே குடிபோவதாக ஏற்பாடு. போவதற்கு முன்னால் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மகளே சொன்னாள். எப்போது வரச் சொல்வது என்று அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்த வாரம் முழுக்க டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்: மகள் வாசலில் வந்து நிற்கிறாள், மேனேஜர் கதவைத் திறக்கிறார், வெள்ளிக்கிழமை காணத் தவறாதீர்கள். அம்மா வெள்ளிக்கிழமையே வரச் சொன்னாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடு, நெஞ்சு ஈரமாக இருக்கும்போதே வந்துவிடு என்றாள்.

வெள்ளிக்கிழமை வாசல் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் மேனேஜர் தள்ளாடித் தள்ளாடிக் கதவை நோக்கி நடந்தார். மூன்று பக்கத்திலிருந்தும் அவர் முகத்தைக் காட்டினார்கள். இங்கே ஜட்ஜின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கண்ணில் இருந்த ஈரம் அப்படியே இருக்க, முகத்தைத் திரும்பவும் டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவியிடம், "சத்தம் கேக்கல, கொஞ்சம் கூட்டி வை" என்றார்.

மனைவிக்குக் கை வரவில்லை. அவரே ரிமோட்டை எடுத்துக் கூட்டினார். அங்கே மேனேஜர் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார். வயலின்கள் கூடவே கதறின. இங்கே மகள் சுவரில் சாய்ந்து நின்றபடி அந்தக் காட்சி முழுவதையும் பார்த்தாள். உட்கார் என்று அம்மா சைகை செய்தாள்; அவள் உட்காரவில்லை. விளம்பரம் வந்ததும், "வர்றேம்ப்பா" என்றாள். கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அம்மா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். மகள் அழவில்லை. அம்மாவின் கன்னத்தைத் தட்டி, நீ எதுக்கும்மா அழற, நாடகம் நல்லாத்தான் இருந்தது என்றாள்.

மறுவாரம் தலைமை நர்ஸ் தன் புது வீட்டுக்குத் திரைச்சீலை அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஜட்ஜின் மனைவி என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள். அந்த நாடகத்தில் அப்பாவும் மகளும் சேர்ந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரியே உருகிப் போயிருக்க, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் காட்சி சரியில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். நர்ஸ் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"பொண்ணு திடீர்னு வந்து நிக்குது. அப்பன் உடனே கட்டிப் பிடிச்சிடுவானா? அவனுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் வேணாமா? நெஜத்துல அவன் மூஞ்சியத் திருப்பிக்குவான். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் நின்னா திரும்பிப் பார்ப்பான். ஆனா நிக்க மாட்டாளுங்க."

என்ன ஒரு ஞானம் பாருங்கள் என்று நர்ஸ் வியந்துகொண்டாள். மனைவியின் கையில் அளவு நாடா இருந்தது. ஜன்னல் அகலம் எவ்வளவு சொன்னீர்கள் என்று இரண்டாம் தடவை கேட்டாள். பெற்ற மகளிடம் சொல்ல வேண்டியதை டீக்கடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மகள் நின்றுதானே பார்த்தாள், விளம்பரம் வரைக்கும் நின்றாளே. அன்று வீட்டுக்குப் போய் மனைவி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் இன்னொரு தீர்ப்புத்தான் வரும்.

அன்றிலிருந்து அவள் டிவி முன்னால் உட்காரவில்லை. உள்ளறையில் மெஷினை ஓட்டினாள். அவருக்குத் தனியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. சொன்னதைக் கேட்க ஆள் வேண்டும். இங்கே வந்து பார், இவன் பண்ற அநியாயத்தை என்று முன்னறையிலிருந்து கூப்பிடுவார். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று இருந்துவிடுவாள்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் படம் வந்தது. ஒரு நப்பாசையில் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கண்முன்னே நீட்டினாள். யார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இப்போது ஏதாவது சொல்வார் என்று அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"எடுக்கத் தெரியல. மூஞ்சில வெளிச்சமே இல்ல" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே கடையில் சொல்லிக்கொண்டு, துணிமணிகளை எடுத்துக்கொண்டு அவள் மகளிடம் கிளம்பிவிட்டாள். குழந்தை கொஞ்சம் பெரிதாகிறவரைக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர் பஸ் ஏற்றிவிட வந்தார். பெட்டியை மேலே தூக்கி வைத்தார். அங்கே தண்ணீர் எப்படியோ, காய்ச்சிக் குடி என்றார். வேறு யாருக்கும் எதையும் சொல்லி அனுப்பவில்லை.

குழந்தை தவழ்ந்தது, நடந்தது. அவள் திரும்பவில்லை. துறைமுக ஊரிலும் ஒரு தையல் கடையில் வேலை பிடித்துக்கொண்டாள். அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். சாப்பிட்டாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, புதிதாக வந்திருக்கும் படத்தைப் பற்றிய பேச்சுக்குப் போய்விடுவார். கதையைச் சொல்வார், யார் பக்கம் நியாயம் என்று சொல்வார். இப்போதெல்லாம் கதை சொல்லத் தெரிந்தவனே இல்லை என்று வருத்தப்படுவார். ஆஸ்பத்திரி டீக்கடை இல்லாத குறையெல்லாம் அந்த ஒரு போனில் தீர வேண்டியிருந்தது. பேச்சுக்கு நடுவே குழந்தையின் சத்தம் கேட்டால் சட்டென்று நிறுத்திக்கொள்வார். அடங்கும்வரை காத்திருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

மகளும் கேட்கட்டும் என்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்காவது ஒரு வார்த்தை தவறி விழாதா என்றுதான். மகள் துணி மடித்துக்கொண்டே முதல் சில வாரங்கள் கேட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஏதோ ஒரு படத்துத் தாயின் தியாகத்தைப் பற்றி நெகிழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணும்மா. பாப்பா தூங்குறா" என்றாள்.

அம்மா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.