பெரியப்பா மகனுக்கு லீவ் இல்லை

பவளம் பயந்த சுபாவம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. க்ரீன் கார்டு வந்த கையோடு, 2007-ல், பிளசன்டனில் என் மகள் வெண்பா போகும் டே கேரில் வேலைக்குச் சேர்ந்தாள். அமெரிக்காவில் அவளுக்கு அதுதான் முதல் சம்பளம்.

கூட வேலை பார்த்தவள் ரூடோ, ஜிம்பாப்வேக்காரி. காலையில் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டால், "நீ தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன்" என்பாள். அவர்கள் ஊரில் அப்படித்தான் பதில் சொல்வார்களாம். பவளத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் ஒரு நாள் ரூடோ, தூங்கவில்லை என்றாள். ஊரில் அவள் அண்ணன் இறந்துவிட்டான். பக்கத்து ஊரான ஹேவர்டில் அவள் வீட்டில் சனம் கூடிவிட்டது. அவளும் துக்கத்துக்கு உடன் உட்கார வேண்டும் என்று லீவ் கேட்டாள். முதலாளி ராமசுப்ரமணியன் நம் ஊர்க்காரர்தான். துருவித் துருவி விசாரித்து, இறந்தவன் பெரியப்பா மகன் என்று தெரிந்ததும் கையை விரித்துவிட்டார். கசினுக்கெல்லாம் லீவ் கிடையாது, போனால் திரும்பி வர வேண்டாம் என்றார்.

வெண்பாவை விட வந்த நானும் அங்கேதான் நின்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தது பவளம்தான்.

"சார், போன வருஷம் உங்க பெரியப்பா பையன் தவறினப்ப டே கேரையே மூடுனீங்களே. கதவுல பிரதர்னு எழுதி ஒட்டுனீங்க."

"அது வேறம்மா. அது நம்ம பழக்கம்."

"அவங்க பழக்கமும் அதானுங்க. நானும் அவகூடப் போறனுங்க."

"அப்ப உனக்கும் வேலை இல்ல. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டனுங்க."

ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ரூடோவின் கையைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டாள். கணவர் ஜெயபிரகாஷிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹேவர்டில் நீ யார் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லையாம். உட்காரவைத்து, கொஞ்ச நேரத்தில் மக்காச்சோள மாவுக் களி கிண்டவும் விட்டுவிட்டார்களாம். "நம்மூரு எழவு வீடு மாதிரியேதானுங்க அக்கா, வந்ததும் வேல சொல்லிட்டாங்க" என்றாள் போனில்.

இத்தனை குழந்தைக்கு இத்தனை டீச்சர் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இருவரும் இல்லாமல் திறக்க முடியாது. மறுநாள் காலை நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. பெற்றோருக்கு ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டுமே. போன வருஷத்துத் தாளையே தேடி எடுத்து ஒட்டியிருந்தார், எங்கள் சகோதரர் மறைவால் விடுமுறை என்று. நன்றாக வேண்டும் அவருக்கு.

ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு காரைத் திருப்பினேன்.

"வேர் ஆர் வீ கோயிங், அம்மா?" என்றாள் வெண்பா.

"ஹேவர்டுக்கு. உங்க மாமா ஒருத்தர் தவறிட்டார்."