ஆடிப்பூரத்து வளையல்

போன வருடம் ஆடிப்பூரத்தன்று காலை, தேக்கா சந்தையில் தேங்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறையும் கரு தங்கவில்லை என்று தாதி தன்மையாகச் சொன்னார். கல்யாணமாகிப் பல வருடங்கள். ஊசி, மாத்திரை எல்லாம் பழகிவிட்டது. ஏமாற்றம் மட்டும் பழகவே மாட்டேன் என்கிறது.

என் பையில், பிடோக்கில் இருக்கும் மாமியார் கொடுத்தனுப்பிய கண்ணாடி வளையல்கள் இருந்தன. அன்று கோயிலில் அம்மனுக்கு வளைகாப்பு. சாத்திய வளையலைப் பிரசாதமாக வாங்கி, பிள்ளை வேண்டுபவர்கள் போட்டுக்கொள்வார்கள். நான் போடாத வருடமா? கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் போனேன். உண்மையைச் சொன்னால், அம்மன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வரிசை சிராங்கூன் சாலை வரை நின்றது. முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் அலுவலக அட்டையும் கையில் வளையலுமாக நின்றாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு டிஷ்யூ நீட்டினாள்.

"எத்தனை வருஷமா வர்றீங்க?"

"எண்ணுறதையே விட்டுட்டேன்."

"நானும்தான் லா," என்றாள்.

உள்ளே, அம்மன் கழுத்திலிருந்து பாதம் வரை வளையல் மாலையோடு, வயிற்றில் முளைப்பயறு கட்டி, நிறைமாதக்காரியாக நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "இவளுக்கு மட்டும் வருஷா வருஷம் வளைகாப்பு!" என்று முணுமுணுத்தேன்.

அந்தப் பெண் திரும்பினாள். "வளைகாப்பு சரி. ஒரு வருஷமாவது இவளுக்குத் தொட்டில் கட்டினதைப் பாத்திருக்கீங்களா? பாவம், அவளும் நம்ம கட்சிதான்!"

ஐயோ, எனக்கு வந்ததே சிரிப்பு! இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். தொண்டூழியர் அக்கா, "மெதுவா லா, சாமி முன்னாடி!" என்று அதட்ட, இன்னும் அதிகமானது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், தீபாராதனை வெளிச்சத்தில் அந்த முகம். இத்தனை வருடமும் எதையாவது கேட்பதற்காகவே அண்ணாந்து பார்த்த முகம். அன்றைக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு நாளாக இவள் என் பக்கத்திலேயே நின்றிருக்கிறாளே என்று இருந்தது.

வெளியே வந்து, ஒருவர் கைக்கு ஒருவர் பிரசாத வளையல் போட்டுவிட்டோம். பெயர் கேட்பதற்குள், வேலைக்கு நேரமாயிற்று என்று அவள் ரயிலுக்கு ஓடிவிட்டாள்.

எங்கள் தோ பாயோ வீட்டில் அந்தச் சின்ன அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை தாழ்வாரத்தில் ஓடினால், என் காது தானாக அங்கே போய்விடும். ஆசை விடவில்லை, விடவும் விடாது. மறுபடியும் ஆடி வருகிறது. மாமியார் சொல்வதற்கு முன்பே, அம்மனுக்கு எடுப்பாக இருக்கும் என்று பச்சை வளையலாகப் பார்த்து வாங்கி வைத்துவிட்டேன். என்னைப் போலவே தொட்டிலுக்குக் காத்திருக்கும் ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பே இப்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.