இருபத்தொன்பதில நிக்கிறன்

ஆக்லாந்திலிருந்து மெல்பர்னுக்கு நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வெள்ளிக்கிழமை வேலை முடித்து விமானம் ஏறுவது, ஞாயிறு காலை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவது, அன்று மாலையே திரும்புவது, திங்களன்று அலுவலகத்தில் நொண்டிக்கொண்டு போய் உட்காருவது. இந்தப் பைத்தியக்காரத் திட்டத்தைப் போட்டது நான். மற்ற இருவரையும் இழுத்துவிட்டதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லத் தைரியம் வருமோ வராதோ.

நாங்கள் மூன்று பேரும் ஒரு காலத்தில் மெல்பர்ன் புறநகரான வெரிபீயில் ஒரே வாடகை வீட்டில் இருந்தவர்கள். நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி நியூசிலாந்துக்குப் போய்விட்டேன். இன்னொருத்தி யாழ்ப்பாணத்துக்காரி, இப்போது அதே பக்கம் ட்ருகனினாவில் கணவரோடு புது வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். மூன்றாமவள் மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். நகரின் மறுபக்கம் மல்கிரேவில் வேலை, வீடும் அங்கேயே. அவளுக்கு முழங்கால் சரியில்லை, ஓட மாட்டாள். வழியில் நின்று எங்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பது அவள் வேலை என்று முடிவாகியிருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரிக்குப் பத்து வயதிலிருந்தே சர்க்கரை. மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை, இன்சுலின் இல்லாமல் ஒருநாள்கூடத் தள்ள முடியாத வகை. ஓடும்போது சர்க்கரை ஏறுவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, இறங்குவதுதான் ஆபத்து. இறங்கினால் முதலில் வியர்க்கும், பிறகு புத்தி தடுமாறும், பிறகு மயக்கம், அதையும் தாண்டினால் உயிருக்கே மோசம். அதனால் இடுப்புப் பையில் ஜெல்லி மிட்டாயும் குளுக்கோஸ் மாத்திரையும் வைத்துக்கொண்டுதான் ஓடுவாள். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அவள் போனுக்கும் அவள் கணவர் போனுக்கும் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "உங்களுக்கு விசர். டொக்டர் வேண்டாம் எண்டவர். நான் சொன்னா ஆர் கேக்கிறது?" என்றார். பைத்தியம் என்று அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் சிரித்து மழுப்பினேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடங்கில் வேலை. அவர் எழுந்து போனதும் இவள் போனை எடுத்து, அவருக்கு அளவு போவதை நிறுத்தினாள். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கோல் எடுப்பார். நாளைக்கு ஒருநாள் என்னை விடட்டும்," என்றாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. பாவி, "நல்லது பண்ணினே" என்று வேறு சொன்னேன்.

அன்று பகலில் நாங்கள் இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி கறுப்பு இடுப்புப் பை வாங்கியிருந்தோம். விலை குறைத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். விடிவதற்கு முன் அவள் வீட்டுக் கூடத்தில், தூக்கக் கலக்கத்தில், ஆளுக்கொன்றை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டோம். யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவள் முன்னால் போய்விட்டாள். அவள் ஓடுகிறவள். நான் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் போகிற கூட்டம், நடுவில் தடுப்பு, மறுபக்கம் திரும்பி வருகிற கூட்டம். எதிர்காற்று முகத்தில் அறைந்தது. நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, இடையில் யாரும் கூப்பிடாமலிருக்கப் போனின் சத்தத்தை அடைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன்.

இருபத்தொன்றாவது கிலோமீட்டரில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கலாமென்று பையைத் திறந்தேன். உள்ளே ஜெல்லி மிட்டாய் இருந்தது, குளுக்கோஸ் மாத்திரை இருந்தது, விரலில் குத்திப் பார்க்கிற ஊசியும் இருந்தது.

ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் ஓடியவர் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்தால் அவளிடமிருந்து ஏழு அழைப்பு. உடனே அழைத்தேன். எடுத்துவிட்டாள். ஒரே காற்றுச் சத்தம், மூச்சிரைப்பு, இடையிடையே குரல்.

"அடியேய், பை மாறிப்போச்சு. தண்ணி மேசையில தந்த இனிப்புத் தண்ணியைத்தான் இவ்வளவு நேரமும் குடிச்சனான். இப்ப எல்லாம் சத்தியெடுத்திட்டன். இருபத்தொன்பதில நிக்கிறன். அவளிட்ட..."

அத்தோடு அறுந்துபோனது. மறுபடி அழைத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை.

சத்தி என்றால் வாந்தி என்று எனக்கு உடனே புரிந்தது. அதில் நான் தவறவில்லை. மல்கிரேவ்காரிக்கு அழைத்தேன். அவள் முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில், சாலையோரப் புல்லில் மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சு ஜூஸும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"அவ சர்க்கரை இறங்குது. மிட்டாயெல்லாம் என்கிட்ட இருக்கு. இருபத்தொன்பதுல நின்னுட்டா. ஜூஸை எடுத்துக்கிட்டு உடனே அங்க போ," என்றேன்.

"நிண்டிட்டாளா? சரி, எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போறன்," என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுடைய கார் பின்தெருவில் நின்றது. கடற்கரைச் சாலை ஓட்டத்துக்காக அடைக்கப்பட்டிருந்ததால் அவள் தெருத்தெருவாகச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

நான் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் குதித்தேன். திரும்பி வருகிறவர்களுக்கு அந்த இடம் இருபத்தேழாவது கிலோமீட்டர். திரும்பி வருகிறவர்களோடு சேர்ந்து, அவள் போன திசையில் ஓடினேன். மஞ்சள் சட்டை போட்ட ஒரு தொண்டர் ஏதோ கத்தினார். என் ஓட்டம் அதோடு செல்லாது என்று சொல்லியிருப்பார். செல்லாவிட்டால் போகட்டும் என்று ஓடினேன். அப்போதுதான் உறைத்தது. அவள் சற்று முன்னால் இதே சாலையில், தடுப்புக்கு இந்தப் பக்கம், என்னைக் கடந்துதான் போயிருக்கிறாள். கூப்பிட்டும் இருப்பாள். நான் தலையைக் குனிந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவ்வளவு தூரம் நடந்தும் ஓடியும் வந்த கால்கள் இரண்டும் எப்படி அந்த இரண்டு கிலோமீட்டரை நிற்காமல் ஓடின என்று எனக்குத் தெரியாது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, ஆனால் நான் அவள் கணவரின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

இருபத்தொன்பது என்று எழுதிய பலகைக்குக் கீழே மல்கிரேவ்காரி மட்டும் நின்றாள். ஒரு கையில் ஜூஸ் போத்தல், மறுகையில் போன். "இஞ்ச ஆருமே இல்ல. அந்தக் கடை வரைக்கும் போய்ப் பாத்திட்டன். கழிவறையிலயும் பாத்தன்," என்றாள். இருவரும் மாறி மாறி அவளுக்கு அழைத்தோம். எடுக்கவில்லை.

"அவள் உன்னட்ட என்ன சொன்னவள்? அப்பிடியே சொல்லு."

"இருபத்தொன்பதில நிக்கிறன்னு சொன்னா."

அவள் என்னையே பார்த்தாள். "நிக்கிறன் எண்டா சொன்னாள்? நிண்டிட்டன் எண்டு சொல்லேல்லயே?"

யாழ்ப்பாணத்துப் பேச்சில் அதற்கு இருக்கிறேன் என்றும் அர்த்தம். வேலையில நிக்கிறன் என்றால் வேலையில் இருக்கிறேன். கடையில நிக்கிறன் என்றால் கடையில் இருக்கிறேன். கட்டிலில் படுத்துக்கொண்டே போனில், "வீட்டதான் நிக்கிறன்" என்பாள். ரெண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, தினமும் கேட்டு, உட்காருடி கால் வலிக்கப்போவுது என்று தினமும் கேலி செய்த சொல். தெரியாத சொல் என்றால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்கும். இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஓடிக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள். முப்பத்திரண்டில் ஜூஸோடு ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வந்திருக்கிறாள். நான் அவள் நின்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதனால் நின்றுவிட்டாள் என்றே என் காதில் விழுந்தது. அந்த முப்பத்திரண்டில் இருந்தவளையும் நானே கிளப்பி இங்கே அனுப்பிவிட்டேன்.

"அல்லாஹ்வே," என்று சொல்லிவிட்டு மல்கிரேவ்காரி காரை நோக்கி ஓடினாள். அந்த முழங்காலோடு ஓடினாள். நானும் பின்னால் ஓடிப்போய் ஏறினேன். தெருக்கள் எல்லாம் அடைப்பு, எல்லாம் சிவப்பு விளக்கு. அவள் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினாள். நான் அந்த மிட்டாய்ப் பொட்டலத்தைக் கசக்கிக் கசக்கிப் பிசினாக்கிவிட்டிருந்தேன். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை அவள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மல்கிரேவ்காரி விட்டுவிட்டுப் போன கதிரைக்குப் பக்கத்தில்தான் யாழ்ப்பாணத்துக்காரி கிடந்தாள். கதிரை கவிழ்ந்து கிடந்தது. நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் தன் கோட்டைக் கழற்றி அவள் தலைக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள். கை கால் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. நான் மிட்டாயை வாயில் போடப் போனேன். முதலுதவிக்கு வந்திருந்த பையன் என் கையைப் பிடித்துத் தடுத்தான். வாயில் எதையும் போடக்கூடாதாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். அதைக்கூட நான் தெரிந்துகொண்டு வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து தொடையில் ஊசி போட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றார்கள். கூப்பிட்டேன்.

அவள் கணவர் வேலை உடுப்போடே ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "எனக்கு ஏன் நம்பர் வரேல்லை?" மல்கிரேவ்காரிதான் அவரை ஒரு கதிரையில் உட்கார வைத்தாள்.

மாலை ஐந்து மணி வரை அவளுக்குச் சரியாக நினைவு திரும்பவில்லை. எனக்கு விமானம் எட்டு மணிக்கு. டிக்கெட்டை மாற்றலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நீ வெளிக்கிடு. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள் மல்கிரேவ்காரி. நான் கிளம்பிவிட்டேன். அவள் இரண்டு ராத்திரி அங்கேயே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

பத்து நாள் கழித்து யாழ்ப்பாணத்துக்காரி என்னை வீடியோவில் அழைத்தாள். முகம் வற்றியிருந்தது, நாக்கைக் கடித்த புண் இன்னும் ஆறவில்லை, பேச்சு குழறியது. ஆனால் அவள்தான், உயிரோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது. பை மாறினதைப் பற்றிச் சொன்னாள். அது இரண்டு பேர் பிழையும்தான் என்று சிரித்தாள்.

"உனக்கொண்டு சொல்லட்டே? நான் முப்பத்திரண்டு வரைக்கும் நல்லாத்தான் போனனான். அவள் நிப்பாள், ஜூஸ் தருவாள் எண்டுதான் ஓடினனான். போய்ப் பாத்தா கதிரை இருக்கு, அவளைக் காணேல்லை. வருவாள் எண்டு அதில இருந்தனான். பிறகு ஒண்டும் நினைவில்லை. எங்கயடி போனனீ எண்டு அவளைக் கேட்டன். பாத்ரூமுக்குப் போனவளாம். இவ்வளவு சாமானையும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கே போனவள்? பொய். எங்கயோ கதைச்சுக்கொண்டு நிண்டிருப்பாள். இவரும் அவளோட கதைக்கிறேல்லை."

நான் வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனியில் இருந்தது. மல்கிரேவ்காரி எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லாமல் சொல்லியிருக்கிறாள்.

"ம்," என்றேன்.

"சரி, விடு. மனுசர்தானே. நான் கோவமாக் கதைச்சுப்போட்டன், இனி எனக்கு அவளோட எடுத்துக் கதைக்க ஒரு மாதிரியாக் கிடக்கு. நீ அவளிட்டச் சொல்லிவிடு. நான் அவளை மன்னிச்சிட்டன் எண்டு."

"சரி," என்றேன். "சொல்றேன்."