பலூனில் மிச்சமிருந்த காற்று

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பத்தொன்பது வருட நர்ஸ். எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்வாள். "சளி எடுக்கறேன். குழாயைத் துடைக்கறேன். நாடாவை மாத்தறேன். நாடாவுக்கடியில ஒரு விரல் நுழையுது, இந்த இறுக்கம் போதும்." நினைவே இல்லாத நோயாளியிடமும் இதே ஒலிபரப்புதான். டாக்டர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே. அந்த வாய் ஓயாத வரைக்கும் அவள் கை தவறியதில்லை.

வீட்டில் பேச்சே கிடையாது. ஷூவைக் கழற்றும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள். "சம்பளம் தராத இடத்துல இவ வாயைத் திறக்க மாட்டா" என்பார் கணவர். அதில் பாதி வேடிக்கை, பாதி ஆற்றாமை.

மூன்றாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். நிமோனியா முற்றி வந்தவர். நாள் கணக்கில் மூச்சு இயந்திரத்திலேயே கிடந்ததால், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். இப்போது தானாக மூச்சு விடுகிறார், குரல்தான் இல்லை. குழாயின் வாயில் ஒரு சின்ன மூடி போட்டால் பேசலாம். அந்த மூடி காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. திரும்பும் காற்று தொண்டை வழியாக ஏறிக் குரலாகும். ஆனால் உள்ளே குழாயைச் சுற்றி ஊதி வைத்திருக்கும் பலூனின் காற்றை முதலில் சிரிஞ்சால் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இழுத்த மூச்சுக்குப் போக்கிடமே இல்லை.

அன்று காலை இரண்டு நர்ஸுகள் வரவில்லை. நான்கு படுக்கைகளும் அவள் தலையில் விழுந்தன. டிரைவரின் மனைவி போனில் மகளை அழைத்து வைத்திருந்தாள். "அப்பா பேசப் போறாரு, லைன்லயே இரு கண்ணு." அந்தத் தழுதழுப்புக்கு நடுவே தன் தொணதொணப்பு எதற்கு என்று நர்ஸ் வாயை மூடிக்கொண்டாள். சளியை எடுத்தாள். சிரிஞ்சைக் கையில் எடுத்தாள். பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடித்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூடியைப் போட்டாள்.

டிரைவர் மூச்சை இழுத்தார். விட முடியவில்லை. மறுபடி இழுத்தார். நெஞ்சு உப்பி நின்றது, விழி பிதுங்கியது, கை கட்டில் கம்பியை அறைந்தது. நர்ஸ் மூடியைப் பிடுங்கினாள். மொத்தம் ஐந்தாறு நொடி இருக்கும். "ஒண்ணுமில்லடா, அப்பாவுக்கு இருமல் வந்துடுச்சு" என்று மனைவி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிஞ்சு காலியாகவே தட்டில் கிடந்ததை நர்ஸ் அப்போதுதான் பார்த்தாள்.

சாயங்காலம் டாக்டரே மூடியை எடுத்து வந்தார். டிரைவர் அவர் கையைத் தட்டிவிட்டார். மூன்று முறை முயன்றும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"காலையிலயும் இதைப் போட்டதும் இருமினாராம். இவரால இதைத் தாங்க முடியல. மேல எங்கயோ அடைப்பு இருக்கும். ரெண்டு வாரம் தள்ளிப் போடலாம்" என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

இரண்டு வாரம். மூடிக்குப் பழகினால்தான் குழாயை எடுப்பார்கள். கழுத்தில் குழாய் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சளி அடைக்கலாம், சீழ் பிடிக்கலாம், ரத்தம் கசியலாம். அவள் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. விளக்கக் கடிதம், விசாரணை, தலைமை நர்ஸின் முகம் என்று நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது.

"சார், அவருக்கு அடைப்பு எதுவும் இல்ல. காலையில பலூன் காத்தை எடுக்காம மூடியைப் போட்டுட்டேன். அந்தப் பயம்தான் அவருக்கு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "அப்பவே ஏன் சொல்லல சிஸ்டர்?"

"எனக்கும் பயம்தான் சார்."

மனைவி எழுந்துவிட்டாள். "நான் இருமல்னு புள்ளகிட்ட சொன்னப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் டாக்டர் சிரிஞ்சை டிரைவரின் கண் முன்னால் காட்டி, காற்றை உறிஞ்சி, "இப்ப ஒண்ணும் ஆகாது" என்று அரைமணி நேரம் கெஞ்சினார். கடைசியில் டிரைவர் தலையாட்டினார், டாக்டர் மூடியைப் போட்டார். நர்ஸ் திரைக்கு இந்தப் பக்கமே நின்றாள். முதலில் கரகரப்பு வந்தது. பிறகு இருபத்தாறு நாளாகக் கேட்காத குரல் வந்தது.

"அந்த நர்ஸம்மா இனிமே என்கிட்ட வரக் கூடாது."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் காது தன் வேலையைப் பார்த்தது. இழுப்பு இல்லை, திணறல் இல்லை, ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லிவிட்டார். தேறிவிடுவார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காம் படுக்கைக்குச் சளி எடுக்கப் போனாள்.