வாயை மூடிக்கொண்டு வெண்ட மச்

போன வியாழக்கிழமை பின்னேரம் நான் மொழிபெயர்ப்பாளன் ஆகினன்.

சிரிக்காதேங்கோ. பள்ளிக்கூடத்தை இடையிலை விட்டிட்டு ஓடினவனுக்கு உந்த வேலையை ஆர் குடுத்தது எண்டு நீங்கள் கேக்கிறது விளங்குது. ஆனா எங்கட கூட்டத்திலை பிரெஞ்சு தண்ணி மாதிரிக் கதைக்கிற ஒரே ஆள் நான்தான். பள்ளிக்கூடத்திலை நான் உருப்படியாப் படிச்சது அது ஒண்டுதான்... அதுவும் வகுப்புக்கு வெளியாலை நிக்கவிட்ட நேரத்திலை படிச்சது.

நான் மொழிபெயர்த்த லட்சணத்தைச் சொல்ல முதல், விசயத்துக்கு வாறன்.

என்ரை அக்கா தனுஜா பந்தடிக்கிறா. உருண்டைப் பந்து இல்லை – முட்டை மாதிரி நீட்டுப் பந்து. ஒஸ்ரேலியாக்காரரின்ரை பந்தடி. காலாலை அடிக்கலாம், கையாலை குத்திக் குடுக்கலாம், பாய்ஞ்சு பிடிக்கலாம், ஆளையே கட்டிப்பிடிச்சு விழுத்தலாம். முதல்தரம் பாக்கேக்கை, கலியாண வீட்டிலை பந்திக்கு இடம் பிடிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு நினைச்சன்.

நாலு கம்பு நட்டிருக்கும். நடு ரெண்டுக்குள்ளாலை அடிச்சால் ஆறு புள்ளி. தவறிப் பக்கத்து இடைவெளியாலை போச்செண்டால், பாவம் எண்டு ஒரு புள்ளி. பிழையா அடிச்சாலும் புள்ளி குடுக்கிற விளையாட்டு! என்ரை வாத்திமாருக்கு உந்தப் பெருந்தன்மை இருந்திருந்தால் நான் இப்ப டொக்டர்.

மொன்றியலிலை உதை ஆர் விளையாடினம் எண்டு கேப்பியள். விளையாடினம். பெம்பிளையள் ரீம் ஒண்டு இருக்கு. அக்கா வேலை செய்யிறது சென்ட் லோரன்ரிலை, மருந்துப் பெட்டி அடுக்கிற இடத்திலை. அங்கை கூட வேலை செய்யிற பெட்டை ஒண்டு அக்காவின்ரை உயரத்தைப் பாத்திட்டு, வா எண்டு கூட்டிக்கொண்டு போட்டுது. அக்கா யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூட ரீமுக்கு நெற்போல் விளையாடினவ. மேலை வாற பந்தை அவ பிடிச்சால், பேந்து அது அவவின்ரை சொத்து.

ஒண்டு சொல்லோணும். நான் சின்னனிலையே அம்மா அப்பாவோட இஞ்சை வந்திட்டன். அக்காவுக்கு வயசு கூடிப்போச்செண்டு ஸ்பொன்சரிலை சேர்க்கேல்லை. இஞ்சை இருக்கிற ஒராளைக் கலியாணம் கட்டித்தான் வந்து சேர்ந்தவ. முதல் வின்ரர் முழுக்க அவ வாய் திறந்து கதைச்சது பஸ் றைவரோட மட்டும்தான், அதுவும் "பொன்ஜூர்". உந்த முட்டைப் பந்து வந்த பிறகுதான் அக்கா வீட்டிலை திரும்பவும் என்னைத் திட்டிப் பேசத் தொடங்கினவ. அதுக்காகவே நான் அந்தப் பந்தைக் கும்பிடலாம்.

முதல் மச்சுக்கு நான் போனது பகிடி பண்ணத்தான். தனியப் போனால் சிரிக்க ஆளில்லை எண்டு, செயின்ட் மிஷேலிலை தெப்பனேர் எண்டுற மூலைக்கடை வைச்சிருக்கிற சிவநேசன் அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனன். அடுத்த முறை அவர் பத்மா அன்ரிக்குச் சொல்ல, அவ ஒரு தட்டு ரோல்ஸோட வந்தா. ரோல்ஸ் மணத்துக்கு லாசாலிலை இருந்து கோபி அண்ணை வந்தார் – பஸ் ஓட்டுறவர், ஊர்க் கிளப்பிலை பந்தடிச்சவர், அதாலை உலகத்திலை உள்ள எல்லாப் பந்தும் தனக்குத் தெரியும் எண்டுறவர். கடைசியா கார்த்திக். சென்னைப் பெடியன், எஞ்சினியர், கிரிக்கெற் இல்லாத ஊரிலை காய்ஞ்சுபோய்க் கிடந்தவன்.

இப்பிடித்தான் எங்கட ரசிகர் மன்றம் உருவானது. ஒருத்தருக்கும் சட்டம் தெரியாது. ஆனா கருத்து? அது நிறைய இருந்தது.

சரி, இப்ப பிரச்சினைக்கு வருவம். சனிக்கிழமை செமி பைனல். ஒட்டாவாவோட. வெண்டால் ரொறன்ரோவிலை பைனல், தோத்தால் சப்பாத்தைக் கழுவி வைச்சிட்டு வின்ரருக்கு றெடியாகலாம். கோலுக்கு முன்னாலை நிக்கிறதுக்கு ஒரு இடம்தான் இருந்தது. ரெண்டு பேர் – எங்கட அக்காவும், ஒட்ரே எண்ட பெட்டையும்.

அக்கா பிடிப்பா. ஆனா கிட்ட நிண்டு குத்திக் குடுக்கிற பந்து எண்டால், பிடிச்சவுடனை சிலை மாதிரி நிப்பா. அந்தக் கணத்திலை மற்றப் பக்கக்காரி வந்து கட்டிப்பிடிச்சு விழுத்துவாள். ஒட்ரே நேர்மாறு. அடிச்சால் பந்து ஆறு தாண்டி லாவாலிலை விழும். ஆனா கையிலை ஒண்டும் நிக்காது.

செவ்வாய்க்கிழமை நான் சமையலறையிலை நிக்கேக்கை அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னா. "எனக்கு அந்த மச் விளையாடோணும்டா."

அவ்வளவுதான். திரும்பக்கூடப் பாக்கேல்லை. நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்திலை அக்கா தனக்கெண்டு ஒண்டு வேணுமெண்டு சொன்னது அதுதான் முதல்தரம். எனக்குப் பகிடி ஒண்டும் வரேல்லை. வெங்காயத்திலை பழியைப் போட்டிட்டு வெளியாலை வந்திட்டன்.

புதன்கிழமை தெப்பனேரிலை மாநாடு.

கோபி அண்ணை அக்காவை வெளியாலை இருத்தோணும் எண்டார். நான் தம்பிக்காரன் பக்கத்திலை நிக்கிறன் எண்ட மரியாதையே இல்லை. கடைசிக் கட்டத்திலை இறக்கலாமாம், முதலே இறக்கினால் சிலைக்கு மாலைதான் போடலாமாம். பத்மா அன்ரி விடேல்லை. அந்த ஒட்ரேக்குத் தான் ஒருநாள் ரோல்ஸ் குடுக்க அதையே கீழை விழுத்தினது, ரோல்ஸைப் பிடிக்கத் தெரியாதது பந்தை எப்பிடிப் பிடிக்கும் எண்டா. நியாயமான கேள்விதானே?

சிவநேசன் அண்ணைக்கு ஒரு ஆராய்ச்சி இருந்தது. எல்லாம் நெற்போல் செய்த வேலையாம். நெற்போலிலை பந்து கையிலை இருக்கேக்கை ஓடக்கூடாது. அந்தப் பழக்கம் அக்காவின்ரை காலிலை ஊறிப்போச்சாம். இதை அவர் கல்லாவுக்குப் பின்னாலை ரெண்டு தரம் நடிச்சுக் காட்டினார். பால் வாங்க வந்த வெள்ளைக்கார மெஸ்யூ ஒருத்தர் காசை நீட்டினபடியே நிண்டு முழுசினார்.

"எமோஷனலா பேசாதீங்கண்ணா. நான் வீடியோ எல்லாம் பார்த்து எண்ணி வச்சிருக்கேன்" எண்டு கார்த்திக் போனை எடுத்தான். எல்லாரும் அவனைப் பாவமாப் பாத்தினம்.

முடிவுக்கு வராத கூட்டம் என்ன செய்யும்? ஆள் அனுப்பும். ஊரிலை கிளப் ரீம் போடேக்கை கப்டனின்ரை வீட்டை நாலு பேர் போய்க் கதைக்கிறதாம். அது மாதிரி நாங்களும் போய்க் கோச்சோட கதைப்பம், எங்கட கருத்தைச் சொல்லுவம், முடிவை அவ எடுக்கட்டும் எண்டு கோபி அண்ணை தீர்ப்புச் சொன்னார். வெறுங்கையோட போகப்படாது எண்டு பத்மா அன்ரி ரோல்ஸ் தட்டைத் தூக்கினா. அடுத்த நாள் பயிற்சி நேரத்திலை அக்காவுக்கு வேலை, அவ வரமாட்டா. நல்ல நேரம்.

இப்பிடித்தான் வியாழக்கிழமை லாசால் பார்க்கிலை நான் மொழிபெயர்ப்பாளன் ஆகினன்.

கோச்சின்ரை பேர் மெலானி. இந்த ஊர்ப் பிள்ளை. ஒஸ்ரேலியாவிலை வேலை செய்யப் போய், விளையாட்டையும், தோலிலை அந்த நாட்டு வெய்யிலையும் கொண்டுவந்தவ. கோபி அண்ணை தொண்டையைச் செருமினார். தனுஜாவை ஏன் முதல்லை இறக்கக்கூடாது, எப்ப இறக்கலாம், தான் கோச்சா இருந்தால் என்ன செய்வன்... நல்ல நீளமான உரை. முடிச்சிட்டு, "சொல்லு" எண்டார்.

நான் சொன்னன். "மடம், உங்கட சப்பாத்து நல்ல வடிவு எண்டு இவர் சொல்லுறார்."

மெலானி குனிஞ்சு சப்பாத்தைப் பாத்தா. முகம் சிவந்துபோச்சு. கோபி அண்ணை என்ரை காதுக்குள்ளை, "பாத்தியே, யோசிக்க வைச்சிட்டன்" எண்டார்.

பின்னாலை கார்த்திக் இருமினான். அப்பதான் நினைவு வந்தது – அவன் அரசாங்கத்தின்ரை பிரெஞ்சு வகுப்புக்குப் போறவன். "ப்ரோ, நான் ஒண்ணும் கேக்கல" எண்டு மெல்லமாச் சொன்னான். தங்கமான பெடியன்.

பத்மா அன்ரியின்ரை உரையை நான் உள்ளபடியே சொன்னன். அது அக்காவின்ரை பக்கம்தானே.

மெலானி ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடிச்சா. முழுக்கச் சாப்பிட்டு முடிச்சா. பேந்து கதைக்கத் தொடங்கினா. கேக்கக் கேக்க என்ரை பகிடியெல்லாம் வத்திப்போச்சு. இதை நான் கூட்டாமல் குறைக்காமல்தான் சொல்லோணும் எண்டு விளங்கிச்சு. சொன்னன்:

"ஒட்டாவாவிலை நடந்த மச்சுக்கு நீங்கள் வரேல்லை. அண்டைக்குத் தனுஜா ஒரு இடத்திலையும் உறைஞ்சு நிக்கேல்லை. இஞ்சை விளையாடேக்கை மட்டும்தான் நிக்கிறா. ஏனெண்டு கேட்டன். என்ன சொன்னவ தெரியுமோ? கரையிலை நிண்டு கத்துறவை எல்லாம் என்னிலும் மூத்தாக்கள்... ஒராள் ஓடு எண்டுறார், ஒராள் அடி எண்டுறார், ஒராள் குடு எண்டுறா. ஒராளின்ரை சொல்லைக் கேட்டால் மற்றாளுக்கு மனம் நோகும் எண்டு."

மிச்சத்தையும் சொன்னன்:

"தனுஜா ரீமிலை இருக்கிறா. கோலுக்கு முன்னாலை அவதான். ஒட்ரேயை நடுவிலை விடுறன். ஆனா மச் முடியுமட்டும் உங்கட பக்கத்திலை இருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. இதை அவவுக்குச் சொல்லவும் கூடாது – சொன்னால் அதுக்கும் இருந்து கவலைப்படுவா."

பத்மா அன்ரி தட்டை மடியிலை வைச்சா. "அப்ப... எங்களாலையே?" எண்டா. சிவநேசன் அண்ணை, நெற்போல் ஆராய்ச்சிக்காரர், வானத்தைப் பாத்தார்.

யோசிச்சுப் பாருங்கோ. எங்கட ஆக்களுக்கு அன்பு எண்டால் கட்டளைதானே? சாப்பிடு. ஜக்கெற்றைப் போடு. வீட்டை போய்ச் சேர்ந்தவுடனை போன் அடி. ஓடு. அடி. குடு. ஒருத்தரும் உன்னிலை எனக்கு விருப்பம் எண்டு சொல்லுறேல்லை. ஆனா ஒரு ஆளுக்கு அன்பு கூடினால், பாவம், அந்தாள் அசைய ஏலாமல் நடுவிலை நிண்டிடும்.

சனிக்கிழமை. வெய்யில், காத்து, மேப்பிள் இலை கொட்டுது. நாங்கள் ஐஞ்சு பேரும் கதிரை போட்டு, செத்த வீட்டுக்கு வந்த ஆக்கள் மாதிரி இருக்கிறம். பந்து அக்காவுக்குக் கிட்டப் போற நேரமெல்லாம் பத்மா அன்ரி எல்லாற்றை வாயிலையும் ஒரு ரோல்ஸை அடைச்சா. கோபி அண்ணை பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார். பாத்தால் வாய் தானாத் திறக்குதாம்.

அக்கா நல்லா விளையாடினா. நிக்கேல்லை. பிடிச்சவுடனை குடுத்தா, குனிஞ்சா, தப்பினா. ஆனா இடைக்கிடை எங்கட பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தா. நாங்கள் சப்பிக்கொண்டிருந்தம்.

கடைசிக் கட்டம். எங்கட ரீம் ஐஞ்சு புள்ளி பின்னுக்கு. ஒட்ரே நடுவிலை இருந்து ஒரு அடி அடிச்சாள் பாருங்கோ... பந்து மேலை போய், காத்திலை கொஞ்சம் யோசிச்சு, இறங்குது. கீழை மூண்டு பேர். மூண்டு பேரின்ரை தலைக்கும் மேலாலை அக்காவின்ரை கை.

பிடிச்சிட்டா.

தூரத்திலை இருந்து காலாலை அடிச்ச பந்தை அப்பிடிச் சுத்தமாப் பிடிச்சால் ஆளை ஒருத்தரும் தொடக்கூடாது, ஆறுதலா நிண்டு அடிக்கலாம். அது சட்டம். அக்கா பந்தோட நிண்டா. எங்களைப் பாத்தா. எனக்கு அடி எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. பக்கத்திலை பாத்தால் சிவநேசன் அண்ணை தன்ரை வாயைத் தானே பொத்திக்கொண்டு நிக்கிறார், கண்ணிலை தண்ணி.

அக்கா திரும்பினா. நாலு எட்டு வைச்சா. அடிச்சா.

நடுக் கம்பு ரெண்டுக்குள்ளாலை.

நாங்கள் ஐஞ்சு பேரும் சத்தமில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளினம். பக்கத்திலை நிண்ட வெள்ளைக்காரக் குடும்பம் மெல்லமாத் தள்ளிப்போனது. ஏதோ புதுச் சமயம் எண்டு நினைச்சிருக்குங்கள்.

ஒரு புள்ளியாலை வெண்டம்.

எல்லாரும் கட்டிப்பிடிச்சு முடிய அக்கா நேரா எங்களிட்டை வந்தா. முகம் வெண்ட முகம் இல்லை. "நான் என்ன பிழை விட்டனான் அண்ணை? ஏன் ஒருத்தரும் வாயே திறக்கேல்லை? கோவமோ?"

கார்த்திக்தான் எல்லாத்தையும் சொன்னான். அக்கா புல்லிலை இருந்திட்டா. கொஞ்ச நேரம் சப்பாத்துக் கயிறை அவிட்டா, கட்டினா.

"உள்ளுக்கை எல்லாம் பிரெஞ்சு" எண்டா. "உங்கட சத்தம் வைச்சுத்தான் நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறன் எண்டே எனக்குத் தெரியிறது. கத்துங்கோ அன்ரி. ஆனா... ஒராள் மட்டும் கத்துங்கோ."

பத்மா அன்ரி மிச்சம் கிடந்த ரோல்ஸை அவவின்ரை வாயிலை வைச்சா. "சாப்பிடு" எண்டா. கட்டளைதான். அக்கா சாப்பிட்டா.

இந்தக் கிழமை நான் ஒருத்தரையும் நக்கலடிக்கேல்லை... சரி, கொஞ்சமாத்தான் அடிச்சிருக்கிறன். என்ரை அக்காவுக்காக லீவு நாளிலை கடையைப் பூட்டிப்போட்டு, பஸ் மாறி வந்து, காத்திலை விறைச்சு, கத்துறதுக்கும் ஆக்கள் இருக்கினம், வாயை மூடுறதுக்கும் ஆக்கள் இருக்கினம். அந்த நாலு பேரிலையும் சொந்தக்காரர் எண்டு ஒருத்தர் இல்லை. சண்டை பிடிச்சதெல்லாம் அவ நல்லா விளையாடோணும் எண்டுதான். இதுக்கு எந்தப் பாசையிலை நன்றி சொல்லுறது? தமிழிலை சொன்னால் வெக்கப்படுவினம். "மெர்சி" எண்டு சொல்லிப்போட்டு ஓடிவந்திட்டன்.

இப்ப தெப்பனேரிலை திரும்பவும் மாநாடு. ரொறன்ரோ பைனலுக்குக் கத்துறதுக்கு ஒராளைத் தெரிவு செய்யோணும். கோபி அண்ணை தன்ரை குரல் பஸ்ஸின்ரை கடைசி சீற் வரைக்கும் கேக்கும் எண்டுறார். பத்மா அன்ரி, ரோல்ஸ் சுடுறவளுக்கு இல்லாத உரிமையோ எண்டுறா. கார்த்திக் ஆரின்ரை சத்தம் எவ்வளவு எண்டு போனாலை அளந்துகொண்டு திரியிறான். ஒரு முடிவும் வரேல்லை.

எனக்கு ஒரு வாக்கும் விழாது. மச் முடிய மெலானி வந்து, கோபி அண்ணைக்கு முன்னாலை காலைத் தூக்கித் தன்ரை சப்பாத்தைக் காட்டிச் சிரிச்சதிலை இருந்து, அவர் என்னை ஒரு மாதிரித்தான் பாக்கிறார்.