ஈயம் பூசிய மோட்டார்

மாமாவின் மோட்டார் வண்டியைத் தராசில் போட்ட அன்று அந்த வீட்டில் யாரும் மத்தியானம் சாப்பிடவில்லை. சாவு வீட்டில்கூடப் பிள்ளைகளை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வாய் சோறு போட்டுவிடுவார்கள். அன்றைக்கு எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் வாயடைத்து நின்றதில் ஒரு சிறுபெண் பசியோடு இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள், கூடவே நானும் வந்திருந்தேன். சீவலப்பேரிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். அம்மாவின் அண்ணன்தான் மாமா. சுற்றுவட்டாரத்தில் மோட்டார் வண்டி வைத்திருந்த ஒரே மனிதர். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது தள்ளிவிட்டுப் போன வண்டி அது. துரைக்குத் தலைவலி தீர்ந்தது, மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

விளக்கு, ஊதுகுழல், மூக்குப்பக்கத்துத் தண்ணீர்ப் பெட்டி எல்லாம் பித்தளை. வெயிலில் பார்த்தால் கண் கூசும். வருகிறவர்களை எல்லாம் மாமா முதலில் அந்தத் தண்ணீர்ப் பெட்டிக்கு முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.

"இதுக்குள்ள மெல்லிசு மெல்லிசாக் குழாய் ஓடுது. அதுல தண்ணி ஓடுதவரைக்கும்தான் வண்டி ஓடும். தண்ணி நின்னா இஞ்சின் சூடேறி அந்த இடத்துலயே இறுகிப்போகும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, வண்டிதான் போகும்" என்பார்.

இதைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டுக் கிளிக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும். கதவுக்குப் பின்னால் நின்று மோர் கொடுத்தனுப்பும் அத்தையும் எத்தனையோ முறை கேட்டிருப்பாள்.

வண்டி தண்ணீரை மட்டும் குடிக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து தகரத்தில் வரும் பெட்ரோலைக் குடித்தது. ரப்பர்ச் சக்கரத்தைத் தின்றது. அதற்காக மாமா ஒவ்வொரு வயலாக விற்றார். மாமா வண்டியில் முன்னால் போனார், வயல்கள் வரிசையாகப் பின்னால் போயின. கடைசியில் மிஞ்சியது ஸ்ரீவைகுண்டம் கால்வாய்ப் பாசனத்தில் அத்தைக்குச் சீராக வந்த நஞ்சை ஒன்றுதான். அத்தைக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அத்தை ஒருநாளும் அந்த வண்டியில் ஏறியதில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை.

பொங்கலுக்கு முன்னால் டிரைவர் தண்ணீர்ப் பெட்டியைக் கழற்றினான். ஆற்றுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே வண்டல் சேர்ந்திருந்தது. அலசிக் கிணற்றடியில் காயப் போட்டுவிட்டு, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கென்று ஊருக்குப் போனான். மாமா ஒரு வழக்கு விஷயமாகத் திருநெல்வேலியில் தங்கியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் வழக்கமாக வரும் ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு வந்தார். கொல்லையில் குழி வெட்டி, கரி மூட்டி, அண்டா, குண்டான், தவலை என்று ஒவ்வொன்றாகப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு துடைப்புத் துடைப்பார். பழுப்பேறிக் கிடந்த பாத்திரத்துக்குள் நிலா வந்துவிடும். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அதைவிட நல்ல வேடிக்கை அந்த ஊரில் கிடையாது.

மாமாவும் டிரைவரும் திரும்பி வந்தார்கள். இரண்டு பேருமாகத் தூக்கிப் பெட்டியை மாட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் நிரம்பிவிட்டது.

"பாத்தியாலே, தாகம் கொறஞ்சிருக்கு" என்று மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று பாளையங்கோட்டைக்குப் புறப்பட்ட வண்டி பாதி வழியில் புகைந்தது. உள்ளே என்னமோ உடைகிற சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. இரண்டு மாடுகள் அதைக் கட்டி இழுத்துவர, மாமா பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். தலைச்சன் பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனவர் மாதிரி இருந்தது அவர் முகம். நான் அழுதுவிட்டேன்.

டிரைவரை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். சென்னையிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் இஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து மாமாவுக்குப் பழைய களை திரும்பியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்லிக்கொண்டு நடந்தார். சண்டைக் காலத்தில் பித்தளைக்கு ஏகக் கிராக்கி. பழைய வண்டியை விற்று வருவதோடு அத்தையின் நஞ்சையையும் விற்றுச் சேர்த்தால் புது வண்டியே வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அத்தையிடம் இதைச் சொன்னபோது நான் அம்மாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தேன்.  "முதல்ல பழசு என்ன போகுதுன்னு பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள்.

பழசு என்ன போகும் என்று சொல்வதற்குத் தச்சநல்லூரிலிருந்து ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சியை வரவழைத்தார்கள். செத்த மோட்டாருக்கு விலை சொல்கிறவர் அந்தக் காலத்தில் வேறு யார் இருந்தார்கள்? ஓட்டை அண்டாவையும் நசுங்கின செம்பையும் எடைக்கு எடுத்துப் புதுப்பாத்திரம் கொடுப்பவர் அவர். பெரிய தராசோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கழற்றிப் போட வேறு ஆள் இல்லாததால் டிரைவரையும் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள்.

அண்ணாச்சி மோட்டாரை ஒருமுறை சுற்றி வந்தார். "ஓடுமா?" என்று கேட்டார்.

"இப்ப ஓடாது."

"அப்ப வண்டிங்கிற பேச்சை விட்ருவோம். எடைன்னு பேசுவோம்."

மாமாவுக்கு முகம் சுருங்கியது. "கலெக்டர் கச்சேரி வரைக்கும் போய்வந்த வண்டிவே இது!"

"போய்வந்தது தராசுல நிக்காதே, அய்யா."

 மாமாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மாமா இஞ்சினைக் காட்டினார். வார்ப்பிரும்பு, உடைக்கிற கூலிக்குக்கூடக் காணாது என்றார் அண்ணாச்சி. துரை உட்கார்ந்த தோல் ஆசனத்தைக் காட்டினார். எலி கடித்திருக்கிறது என்றார். சக்கரங்களின் மர ஆரங்களை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாக் காஞ்சிருக்கு, வெந்நீர் போட ஆகும்" என்றார். மாமா உயிராக நினைத்தது ஒவ்வொன்றையும் அவர் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டே வந்தார். சுத்தியலால் விளக்குகளைத் தட்டிக் கழற்றிச் சாக்கில் போட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த விளக்குகளை நான் அதன் கண்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஓர் உயிர் உள்ள மிருகத்தைக் கண்ணெதிரே அறுக்கிற மாதிரிப் பதறிப்போனேன்.

"பித்தளைக்குத்தான் வெலை. வேற எதுவும் கணக்குல வராது. பித்தளையில பெருசு இந்தத் தண்ணிப் பெட்டிதான்" என்று சொல்லி அதைத் தூக்கிய அண்ணாச்சி அப்படியே கீழே வைத்துவிட்டார். மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"என்னவே இது, பார்வைக்கு இல்லாத கனம் கனக்கு?"

"நாந்தான் சொன்னேனே! துரை சாமான்னா சும்மாவா?" மாமாவுக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. உளியை வைத்து ஓர் ஓரத்தில் அடித்தார். பெட்டி வாய் பிளந்தது. மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய்களுக்குள் வெள்ளை வெளேரென்று என்னமோ இறுகிப்போய் நின்றது.

"ஈயம்!" என்றார். "எவன்வே இதுக்குள்ள ஈயத்தைக் காய்ச்சி ஊத்துனது? ஈயம் ஏறுன பித்தளையை உருக்கித் தட்டுனா வெடிச்சுப்போகும். இதை நான் என்ன செய்ய? பாதி வெலைக்கும் ஆகாது."

டிரைவர் கிட்டே வந்து பார்த்தான். "மொதலாளி, இதுக்குள்ள தண்ணி எங்கன ஓடும்? இதாலதான் வண்டி செத்திருக்கு" என்றான். 

  மாமா ஒரே பாய்ச்சலில் டிரைவரின் சட்டையைப் பிடித்தார்.

"நீதானலே இதைக் கழத்துனே! என் குடியைக் கெடுக்கவாலே எவன்கிட்டயோ கைக்கூலி வாங்குனே? இப்பவே போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கேன். கம்பி எண்ணுலே!"

"அய்யோ, எம் பிள்ளைமேல சத்தியமா எனக்குத் தெரியாது மொதலாளி" என்று அவன் காலில் விழுந்தான். வேலைக்காரரை அழைத்து, சீவலப்பேரிக்கு ஓடிப்போய்ப் போலீஸ்காரரைக் கூட்டிவரச் சொன்னார் மாமா.

எனக்கு உண்மை தெரியும். சொல்ல வாயெடுத்தேன்.  அதற்குள் கதவு திறந்தது.

அத்தை அந்நிய ஆண்களுக்கு எதிரில் வந்து நின்று நான் பார்த்ததே இல்லை. நேராக முற்றத்துக்கு வந்தாள்.

"அவனை விடுங்க. நாந்தான் பூசச் சொன்னேன்."

மாமா திரும்பிப் பார்க்க, அத்தையே மேலே சொன்னாள்.

"கொதிக்கிற ஏனத்துக்கு ஈயம் பூசாட்டாக் களிம்பு பிடிக்காதா? நம்ம வீட்டுல தண்ணி கொதிக்கிற அத்தனை பித்தளைக்கும் பூசுதோம். கிணத்தடியில இது மட்டும் பூசாமக் கெடந்துச்சு. ஆளு வந்திருந்தாரு, சேத்துப் பூசச் சொன்னேன்."

முதலில் அண்ணாச்சிக்குத்தான் சிரிப்புப் பீறிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். மாமாவின் கை டிரைவரின் சட்டையிலிருந்து தானாகக் கழன்றது. கழற்றி முற்றத்தில் போட்டிருந்த தோல் ஆசனத்தில் போய் உட்கார்ந்தார். இஞ்சினும் இல்லை, சக்கரமும் இல்லை. வெறும் தரையில் கிடந்த அந்த ஆசனத்தில், சவாரிக்குப் போகிறவர் மாதிரி முன்னால் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று கடைசியில் முனகினார். அடிப்பார் என்று பயந்திருந்தேன். அடிக்கவில்லை. அறியாமல் செய்தவளை என்ன சொல்லி அடிப்பது?

அண்ணாச்சி எடை போட்டு, ஈயத்துக்குக் கழித்து, ஒரு விலை சொன்னார். ஆயிரம் பொன்னும் இல்லை, அதன் வால் நுனியும் இல்லை. அத்தையின் நஞ்சையை அதோடு சேர்த்து விற்றாலும் புது வண்டியின் சக்கரத்தைத்தான் வாங்க முடியும் என்பது மாமாவுக்கே தெரிந்துவிட்டது.

"துட்டா வேண்டாம்" என்றாள் அத்தை, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு. "ஏனமாக் குடுக்கச் சொல்லுங்க."

அப்படித்தான் துரையின் மோட்டார் ஓர் அண்டாவாகவும் இரண்டு குடமாகவும் திரும்பி வந்தது. என் தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு அந்த அண்டாவில்தான் வெந்நீர் காய்ச்சி வேது வைத்தார்கள். மாமா பிறகு மாட்டு வண்டியிலேயே போய்வந்தார். மூன்று மதினிகளும் அந்த நஞ்சை நெல்லில்தான் கரையேறினார்கள்.

குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குக் கூடினாலும் அத்தை மோட்டாருக்கு ஈயம் பூசிய கதை பந்திக்குப் பந்தி பரிமாறப்படும். வயிறு நோகச் சிரிப்போம். அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் போய்ச் சேர்ந்த பின்னும் நான் அதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை என் மருமகளிடம் சொல்லும்போது, மற்றவர்களைப் போல் அவள் சிரிக்காமல் கேட்டாள்: "ஏன் அத்தை, ஈயம் பூசுனவருகூடவா ஒண்ணும் சொல்லலை?"

சொன்னார்.  அத்தனை வருஷமும் எனக்குத் தெரிந்திருந்தது, ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கிணற்றடியில் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஆச்சி, இதுக்குள்ள பஞ்சு விட்டுத் துடைக்க வழி இல்லை. ஊத்துனா ஈயம் இறுகிக் குழாயெல்லாம் அடைச்சுப்போகுமே."

அத்தை வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பரவாயில்லை. நல்லா நெறைய ஊத்தும்" என்றாள்.

அத்தைக்குத்தான் எவ்வளவு தாராள மனசு, ஈயத்தில்கூடக் கஞ்சத்தனம் பார்க்கவில்லையே என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.